டிமிஷோரா கண்ட ஆத்மநாதன்

அயல்நாட்டு நகரங்களை அளந்து அறிந்த மாபெரும் யாத்ரீகர்களின் வரிசையில் கீரமங்கலம் ஆத்மநாதன் அவர்களுக்கு இடம் ஒதுக்காமல் விட்டது வரலாறு செய்த பெரும்பிழை. ருமேனியா நாட்டு டிமிஷோரா நகரத்தை அவர் ஒன்பதே நாளில் கரைத்துக் குடித்தவர்.

மற்றவர்கள் வரைபடமும் கையுமாக அலைவார்கள். ஆத்மநாதனிடம் இருந்ததோ மூன்று கேள்விகள் கொண்ட 'ஆய்வு முறை'. எந்த ஊரு? எந்தத் தெரு? சாமி கும்பிடுறது எங்கிட்டு? கேட்டு முடித்தால் எதிரே நிற்பவரின் ஏழு தலைமுறையும் வெளியே வந்துவிடும். சாதி என்ற சொல்லை மட்டும் அவர் வாயால் சொன்னதே கிடையாது. அவ்வளவு நாகரிகம்.

அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் மகள் ரம்யா, "ஒருத்தரப் பாக்கணும், வாங்கப்பா" என்று டிக்கெட் அனுப்பியிருந்தாள். அந்த ஒருத்தன் விமான நிலையத்திலேயே அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.

"தம்பி எந்த ஊரு?"

"நம்ம புதுக்கோட்டைப் பக்கந்தாங்க. ஆவூரு. பேரு மைக்கேல்சாமி. இங்க வெல்டருங்க."

"ஆவூர்ல எந்தத் தெரு?"

சொன்னான். ஆத்மநாதன் பெட்டியைத் தம் கைக்கே வாங்கிக்கொண்டார். உழைப்பின் மேன்மை தெரிந்தவர். கார் கொண்டுவந்திருந்த மக்தா அம்மாள், ரம்யா குடியிருக்கும் வீட்டின் ஓனர், இதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் முதல் நகர் அறிதல். ஒரே சதுக்கத்தில் கத்தோலிக்கர் ஆலயமும் செர்பியர் ஆலயமும் எதிரெதிரே நிற்பதைக் கண்டு சிலிர்த்தார். ஒரே கட்டடத்தில் மூன்று மொழிகளில் நாடகம் நடக்கிறது என்றதும் கண் கலங்கினார். பிறகு மக்தாவை ஆய்வுக்கு எடுத்தார். மைக்கேல்சாமி மொழிபெயர்த்தான்.

"அந்தம்மாவோட அப்பா ஹங்கேரிக்காரரு, அம்மா ஜெர்மன், புருஷன் செர்பியரு, மருமக ருமேனியப் பொண்ணுங்க."

"அதெல்லாஞ் சரி. அந்தம்மா என்ன ஆளுகன்னு கேளு."

"இந்தத் தெரு ஆளுகளாம்."

"செத்தா எந்தச் சுடுகாடு?"

"எது பக்கத்துல இருக்கோ அதுங்கறாங்க. என்ன அவசரம்னும் கேக்குறாங்க."

'மானுடம் இங்கே பூத்துக் குலுங்குகிறது' என்று ஆத்மநாதன் டைரியில் எழுதினார். மை காய்வதற்குள் ரம்யா வந்து நின்றாள். "அப்ப நான் மைக்கேலக் கட்டிக்கிறேம்ப்பா."

"இந்த ஊருக்கு அது சரிம்மா. நமக்கு ஊரு கீரமங்கலம்."

"நாங்க இருக்கப்போறது இங்கதானப்பா?"

"நான் இருக்கப்போறது அங்கதானம்மா!"

அத்துடன் பேச்சு முடிந்தது. முடிந்ததாக அவர் நினைத்தார்.

ஊர் திரும்பியதும் கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா. வாசலில் 'டிமிஷோரா கண்ட திருமகனே!' என்று பதினாறடி ஃப்ளெக்ஸ். 'வேற்றுமை வெட்கப்படும் ஊர்' என்ற தலைப்பில் ஒரு மணி நேரம் முழங்கிய ஆத்மநாதன், நிறைவாக, நேரடிச் சான்றாக, மக்தாவையே வீடியோ காலில் பெரிய திரைக்கு வரவழைத்தார். ஏதோ ஓர் அலுவலகப் படிக்கட்டில் பூங்கொத்தோடு மக்தா நின்றார். ஒரு பக்கம் ரம்யா, மறுபக்கம் மைக்கேல்சாமி.

"அம்மா, ஒங்க ஊரு ஒத்துமையப் பத்தி எங்க சனத்துக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க!"

மக்தா பேசினார். ரம்யா தமிழில் சொன்னாள். "இப்பத்தான் எங்க கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டாங்கப்பா. மாப்பிள்ளைய ஒங்க முறைப்படியே விசாரிச்சுட்டாங்களாம். ஊரு டிமிஷோரா. தெரு அவங்க தெரு. சாமி சதுக்கத்துல ரெண்டு பக்கமும். எல்லாம் சரியாத்தான் இருக்கு, அன்னைக்கு ஏன் பெரியவரு பெட்டியப் புடுங்கிக்கிட்டாருன்னு கேக்குறாங்க."

"சிக்னல் போயிருச்சு" என்று அறிவித்துவிட்டுப் போனை அணைத்தார் ஆத்மநாதன்.

அந்த நகரத்தை அறிய அவருக்கு ஒன்பது நாள் ஆயிற்று. அவரை அறிய அந்த நகரத்துக்கு ஒரு பெட்டி போதுமாயிருந்தது.