நான் அங்கேதான் நின்றேன்

சிங்கப்பூரில் கொசுவுக்கு அடுத்தபடியாகப் பெருகிக் கிடக்கும் இனம் எது என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்: 'அங்கேதான் நின்றேன்' இனம். இவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஜப்பான்காரன் முதல் குண்டு போட்டானா? இவர் அங்கேதான் நின்றார். வெள்ளைக்காரன் சரணடைய வெள்ளைக்கொடி பிடித்துக்கொண்டு போனானா? கொடியில் ஒரு காப்பிக் கறை இருந்தது என்பார். கல்லாங்கில் முதல் விமானம் இறங்கியபோதும், சாங்கிச் சிறைக் கதவு திறந்தபோதும், சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் தீமிதியில் ஒரு போலீஸ்காரர் பூட்ஸோடு பூக்குழிக்குள் இறங்கியபோதும் இவர் முன்வரிசையில் நின்றார். இத்தனை இடத்தில் நின்றதால்தான் இன்று முழங்காலில் வலி. ஒரே மனிதர் ஒரே காலையில் தெற்குக் கோடித் தஞ்சோங் பகாரிலும் வடக்குக் கோடிச் செம்பவாங்கிலும் எப்படி நின்றார் என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் பஸ் நேரத்துக்கு வந்தது.

இந்த இனத்தில் கலப்படமில்லாத ஒருவர் வேண்டுமென்றால் சிலுவைராஜைப் பாருங்கள். துறைமுகக் கிடங்கில் முப்பது வருஷம் பெட்டிக் கணக்கு எழுதும் கிராணி வேலை பார்த்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் ஓய்வு பெற்று, பஃபலோ ரோட்டுக் கடைவீடு ஒன்றின் மேல்மாடியில் மனைவி அல்போன்சம்மாளோடு குடியிருந்தவர். காலை எட்டு மணிக்குச் சட்டைப்பையில் இரண்டு பேனா சொருகிக்கொண்டு ஸ்டாம்போர்ட் ரோட்டுப் புது நூலகத்துக்குப் போவார். பழைய அரசாங்க அறிக்கைகள், மஞ்சள் பூத்த பத்திரிகைக் கட்டுகள், துரைமார் எழுதிய குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் படிப்பார். பன்னிரண்டு மணிக்கு வீடு. சோறு. ஒரு குட்டித் தூக்கம். எழுந்தால் காலையில் படித்ததெல்லாம் நினைவாகியிருக்கும்!

பொய் சொல்கிறார் என்று அவசரப்பட்டு நினைக்காதீர்கள். பொய் சொல்கிறவனுக்குத் தான் சொல்வது பொய் என்று தெரியும். சிலுவைராஜுக்கு அந்தக் குறையே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஓஃபிர் ரோடு மாதா கோயில் வாசலில் நின்றுகொண்டு, தான் பிறப்பதற்கு நான்கு வருஷம் முன்பு நடந்த தீ விபத்தை அவர் சொன்னபோது, அவருக்கே கண் எரிந்தது.

ஒரே ஒரு ஏக்கம்தான் மனிதருக்கு. முப்பது வருஷம் பெட்டிகள்மேல் அடுத்தவர் பெயரை எழுதிய கை அது. தன் பெயர் ஒரு புத்தகத்தில், ஒரே ஒரு தடவை, அச்சில் வரவேண்டும். அதற்காக அவர் எதிலும் நிற்கத் தயாராக இருந்தார்.

அப்படிப்பட்டவரைத் தேடி அறுபத்து மூன்றாம் வருஷம் ஒரு மத்தியானம் அப்துல் முத்தலிப் மாடியேறி வந்தார் என்றால், அதை யோகம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? புக்கித் தீமா பல்கலைக்கழகத்தில் வரலாற்று விரிவுரையாளர். பெட்டி போலக் கனக்கும் டேப் ரிக்கார்டரைத் தானே தூக்கிக்கொண்டு வந்ததில் மூச்சு வாங்கியது. வெள்ளைக்காரன் ஆட்சியில் நம் ஜனங்கள் எப்படி எதிர்த்து நின்றார்கள் என்று புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு விதி உண்டு. பேசும் கூட்டத்திலெல்லாம் அதைச் சொல்வார். கோப்பில் இருந்தால் மட்டும் போதாது, ஜனங்கள் வாயில் இருந்தால் மட்டும் போதாது, இரண்டும் ஒத்துப்போனால்தான் அச்சு.

அவருடைய புத்தகத்தின் உயிரான அத்தியாயம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றின் பால் கலவரம். கோப்பில் அது இருந்தது. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சோதிக்க மோட்டார் காரில் வந்த வெள்ளைக்கார இன்ஸ்பெக்டரை, இதே பஃபலோ ரோட்டில் நாற்பத்து மூன்று பால்காரர்கள் சூழ்ந்துகொண்டு, பாலையெல்லாம் ரோட்டில் கொட்டி, அவரைச் சாக்கடையில் தள்ளினார்களாம். பெருமழை வந்து கூட்டத்தைக் கலைத்ததாம். எழுதியவர், சாக்கடையில் விழுந்த அதே இன்ஸ்பெக்டர்.

"ஐயா, அந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்றார் முத்தலிப், பொத்தானை அமுக்கிவிட்டு.

"ஞாபகமா? பதினாலு வயசு சார் எனக்கு. நான் அங்கதான் நின்னேன். நாப்பத்து மூணு பேரு. எண்ணினேன்."

முத்தலிப் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். "கோப்புலயும் நாப்பத்து மூணுதான் ஐயா!"

"இருக்கும் சார். அப்புறம் மழை பாருங்க, அப்படி ஒரு மழை..."

"மழையும் இருக்கு!"

ஒரே நூலகத்தில், ஒரே மேசையில், ஒரே கோப்புக் கட்டை ஒருவர் காலையிலும் இன்னொருவர் சாயங்காலமும் படித்தால் ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? ஆனால் அந்த அறையில் அப்போது அதை நினைத்துப் பார்க்க யாருக்கு நேரம்? இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். ரிக்கார்டர் சுற்றிக்கொண்டிருந்தது. சிலுவைராஜ் மனத்துக்குள் தன் பெயரை அச்செழுத்தில் பார்த்துவிட்டார்.

அப்போதுதான் அல்போன்சம்மாள் கோப்பித் தட்டோடு வந்தாள்.

"மழையா? அன்னைக்கு ஏது மழை?"

இரண்டு ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் பால் வாங்கச் செம்போட நின்னேன் லா. பத்து வயசு. யாரும் பாலை ஊத்தலை, யாரும் தொரையைத் தள்ளலை. அந்தாளு காரை விட்டு எறங்கி, கார் வெளிப்பக்கம் இருந்த ரப்பர் ஹாரனை 'பாம் பாம்'னு அமுக்கினான். ஒத்தைக்கொம்பு எருமை ஒண்ணு மிரண்டு டின்னை எல்லாம் ஒதைச்சு உருட்டி, அவன் பின்பக்கத்துல ஒரே முட்டு. போய் விழுந்தான் சாக்கடையில. பால்காரங்க நாலே பேரு. அவங்கதான் தூக்கி விட்டாங்க. எருமையைச் சேத்தா அஞ்சு."

முத்தலிப் மரியாதை தெரிந்தவர். பொத்தானை அமுக்கி ரிக்கார்டரை நிறுத்திவிட்டுத்தான் பேசினார். "அம்மா, கோப்புல எருமையே இல்லையே."

"எருமை எப்படிக் கோப்புல இருக்கும்? அது கையெழுத்துப் போடுமா?"

"சின்ன வயசுல பார்த்தது, கொஞ்சம் மாறிப்போகும்மா," என்று சிரித்துவிட்டு, அவர் கோப்பியைக் குடித்து முடித்துக் கிளம்பினார். திங்கட்கிழமை கையெழுத்துப் பிரதி அச்சகத்துக்குப் போகிறது, சனிக்கிழமை கடைசியாக ஒரு தடவை வருகிறேன் என்றார்.

படி இறங்கும் சத்தம் ஓய்ந்ததும் சிலுவைராஜ் கேட்டார். "நெசமா?"

"மாதா சத்தியமா."

"முப்பத்திரண்டு வருஷமா ஏன் சொல்லலை?"

"நீங்க எப்ப வாயை மூடினீங்க?"

முதலில் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. சாக்கடையிலிருந்து பால் சொட்டச் சொட்ட எழுந்து, அலுவலகத்துக்குப் போய், எருமை முட்டியது என்று எழுத வெட்கப்பட்டு, நாற்பத்து மூன்று பேர் என்று எழுதிய துரையை நினைத்து வயிறு வலிக்கச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் வெட்கம் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, உண்மையாகவே நின்றவர் ஒருவர் அவர் எதிரே நின்றுகொண்டிருந்தார், காலிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு. சனிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது; அந்த நான்கு நாளும் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் புத்தகத்தில் பெயர் போய்விடும். சொல்லாவிட்டால் இவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

சனிக்கிழமை வந்தது. ரிக்கார்டர் சுற்ற ஆரம்பித்ததும், சிலுவைராஜ் தகரப்பெட்டியைத் திறந்து ஒரு பழுப்புச் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தவர்களை ஊருக்குள் விடும் முன் பக்கத்துச் சின்னத் தீவில் நிறுத்தித் தடுப்பூசி போட்டுக் கொடுத்த சீட்டு. அதில் அவர் பெயர். அதில் வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு.

"சார், நான் இந்த ஊருக்கு வந்ததே ஆறு வருஷம் கழிச்சு. நான் அங்க நிக்கலை. இவதான் நின்னா. இவ சொன்னதை எழுதுங்க."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வேர்த்து ஊற்றியது. அல்போன்சம்மாள் அடுப்படி வாசலில் அப்படியே நின்றாள்.

முத்தலிப் சீட்டைப் புரட்டிப் பார்த்தார். சிலுவைராஜைப் பார்த்தார். விரிவுரையாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஐயா, இத்தனை வருஷம் கழிச்சும் உங்களுக்குப் பயம் போகலை பார்த்தீங்களா? சுய ஆட்சி வந்தாச்சு. இனி யாரும் உங்களைப் பிடிக்க மாட்டாங்க."

"பயம் இல்லை சார், சீட்டைப் பாருங்க..."

"வெள்ளைக்காரன் போட்ட தேதியை நம்பச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு, வெள்ளைக்காரன் எழுதிய கோப்பின் நகலைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு அவர் விடைபெற்றார்.

அறுபத்து நான்கில் புத்தகம் வந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் சிலுவைராஜ் பெயர் முழுசாக, பிழையில்லாமல் இருந்தது. அடிக்குறிப்பில் இப்படிக் கண்டிருந்தது: 'கலவரத்தை நேரில் கண்ட இப்பெரியவர், தன்னடக்கத்தாலும் பழைய அச்சத்தாலும், தாம் அங்கே இருக்கவில்லை என்று கடைசி வரை மறுத்தார்.' முன்னுரையின் கடைசி வரி, கோப்பி கொடுத்து உபசரித்த திருமதி சிலுவைராஜுக்கு நன்றி சொன்னது.

அன்றிலிருந்து சிலுவைராஜ் கோயில் வாசலில் பார்ப்பவரிடமெல்லாம், "நான் அங்க நிக்கலை, நிக்கவே இல்லை," என்று கெஞ்சினார். ஜனங்கள் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். என்ன அடக்கம், என்ன அடக்கம் என்றார்கள். அல்போன்சம்மாள் மட்டும் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை ஒரு தடவை படித்துவிட்டு, "எருமைக்கு இருக்கிற அறிவு..." என்று ஆரம்பித்து, புருஷன் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு நிறுத்திக்கொண்டாள்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அடுத்த வாரம் சிராங்கூன் ரோட்டுக் கோப்பிக்கடையில் நாலு பேர் கூடும்போது இந்தக் கதையை நீங்கள் சொல்லத்தான் போகிறீர்கள். எங்கேயோ படித்தேன் என்று தொடங்கினால் எவன் காது கொடுப்பான்? அதனால் 'எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர்' என்று தொடங்குவீர்கள். எருமை வரும்போது நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுவீர்கள். சீட்டு வரும்போது, 'நானும் அன்னைக்கு அந்த வீட்டுலதான் இருந்தேன் லா, அந்தம்மா கோப்பியில சர்க்கரை கொஞ்சம் தூக்கல்,' என்று நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு சொல்வீர்கள்.

சர்க்கரையைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. தவிரவும், அன்றைக்குச் சர்க்கரை கம்மி. எனக்குத் தெரியாதா? நான் அங்கேதான் நின்றேன்.