மால்டாவில் சூசையப்பர் தலை குனிந்த வரலாறு

யேசு மரி சூசை துணை

சென்ட் லோரன்ட்,
மொன்றியல்.

புரோசார்ட்டில் இரண்டு கார் விடுகிற கராஜோடு வீற்றிருக்கும் அன்புத் தங்கை கிறேசுக்கு, அண்ணன் நீக்கிலாப்பிள்ளை எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் முழங்காலும் சமாதானமாக இருக்கிறோம். அங்கு நீயும் உன் பிறஷரும் அப்படியே இருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன்.

இனி நான் எழுதப்போவதை நீ நம்பமாட்டாய். உன் மனுசன் பத்திநாதர் நம்பமாட்டார். எங்கள் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால், அவர் பொய் சொன்ன பாவத்துக்குச் சேர்த்து அபராதம் தருவார். ஆனாலும் எழுதுகிறேன். ஒரு பாலத்தைத் தாண்டி வந்து நேரில் சொல்லலாமே என்று கேட்பாய். நேரில் சொல்லும்போது உன் கையில் அகப்பை இருக்குமா, அம்மிக்குழவி இருக்குமா என்று நிச்சயமில்லாதபடியால் கடிதமே நல்லது.

உன் கட்டளையை நான் மறக்கவில்லை. ஒரு வருஷ வேலைக்கென்று மால்டாவுக்குப் போன உன் மகள் ஜெயனி, அந்த ஊர்ப் பெடியன் பாவ்லுவைத்தான் கட்டுவேன் என்று சொன்ன நாளிலிருந்து நீ அன்ன ஆகாரம் இல்லாமல் கிடந்தாய். (முட்டை றோல்ஸை ஆகாரமாகக் கணக்கெடுக்கவில்லை என்று மச்சான் சொன்னார்.) என்னை விமான நிலையத்தில் இறக்கிவிட்டுச் சொன்னாய்: “அண்ணை, போய்ப் பாத்திட்டு வாங்கோ. வாயைத் திறக்கக் கூடாது. வாக்குக் கீக்குக் குடுத்திட்டு வந்தியளெண்டால் என்ர வாசல்படி மிதிக்கக் கூடாது.” ஆகவே போய்ப் பார்த்தேன். பார்த்ததை உனக்கு முறையாக அறிமுகம் செய்கிறேன்.

மால்டா என்பது ஒரு நாடு. வரைபடத்தில் இத்தாலியின் காலுக்குக் கீழே ஒரு புள்ளி. நான் முதலில் இலையான் என்று நினைத்துத் தட்டினேன், பறக்கவில்லை. அவ்வளவு சின்ன நாடு என்றபடியால் விமானம் இறங்கும்போது விமானி இரண்டு காலாலும் பிரேக்கை அமத்திக்கொண்டு செபம் சொல்கிறார். கொஞ்சம் தவறினால் ஆபிரிக்கா. ஒரு கரையில் மீன் பொரித்தால் மற்றக் கரையில் பூனைகள் வரிசைக்கு வந்துவிடும். வெயிலைப் பற்றி என்ன சொல்ல? மொன்றியலில் இத்தனை வருஷமாக என் எலும்புக்குள் உறைந்து கிடந்த பனி முழுவதும் முதல் நாள் காலமையே உருகிக் காற்சட்டை வழியாக ஓட, தெருச்சனம் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது என்று நகரசபைக்கு அறிவித்தது. வீடுகள் எல்லாம் தேன் நிறக் கல். ஒரு மூலையை நக்கிப் பார்த்தேன், உப்பு. வள்ளங்களின் முகப்பில் இரண்டு கண் வரைந்திருக்கிறார்கள். ஒரு மஞ்சள் வள்ளம் என்னைப் பார்த்துக் கண்ணடித்தது, நான் குடும்பஸ்தன் என்றபடியால் திரும்பிக்கொண்டேன். வாகனங்கள் எங்கட ஊர் மாதிரி இடப்பக்கம் ஓடுகின்றன. பிளக்குக்கும் அதே மூன்று சதுரக் கால். தெருவுக்குத் தெரு எங்கட பற்றிஸுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி ஒரு பலகாரம், உள்ளே பட்டாணி. அதைத் தின்றுகொண்டு நடந்தால் அடுத்த கடை வரும்போது கை வெறுமையாக இருக்கும்படி அரசாங்கமே அளந்து கடை கட்டியிருக்கிறது. கோயில் முகப்பில் இரண்டு மணிக்கூடு. ஒன்று சரியான நேரம், மற்றது பிசாசை ஏமாற்றுவதற்காகப் பிழையான நேரம் என்கிறார்கள். எங்கட ஆட்கள் கலியாணத்துக்கு எந்த மணிக்கூட்டைப் பார்த்து வருகிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது, கிறேஸ்.

நான் போன கிழமை பாவ்லுவின் ஊரில் சூசையப்பர் பெருநாள். சூசையப்பரின் சுருவத்தைத் தோளில் தூக்கிச் சுற்றுப்பிரகாரம் வருகிறவர்களுக்கு அவனுடைய தகப்பன் கார்மெனுதான் தலைவர். தோள் கொடுக்கிற ஒவ்வொரு இடமும் தகப்பனிடமிருந்து மகனுக்கு வருகிற முதுசம். எங்கட சீதனக் காணியைக்கூட எழுதி வாங்கலாம், அந்த இடத்தை வாங்க ஏலாது. ஊரில் இரண்டு பாண்ட் கோஷ்டி. ஒரே கோயில், ஒரே சூசையப்பர், ஆனால் கோஷ்டிக்குக் கோஷ்டி முகம் பார்ப்பதில்லை. வெடியோ வெடி. முதல் வெடிக்கு என் கட்டுப்பல் வாயை விட்டு வெளியேறி மூன்று வீடு தள்ளி அடைக்கலம் கேட்டது.

அப்போதுதான் அது நடந்தது. சுருவத்தின் ஒரு மூலையில் திடீரென்று தோள் கொடுக்கிற ஒரு இடம் வெறுமை. மற்றவர்கள் தள்ளாடுகிறார்கள். எங்கட ஆட்கள் பார்த்துக்கொண்டு நிற்போமா? பெருநாளன்று சுருவக் கூட்டுக்கடியில் ஒரு இடைவெளி கண்டால், ஆரைக் கேட்பது, எவரைக் கேட்பது, உள்ளுக்குப் போய்விடுவோம். நானும் போனேன். மற்ற எல்லாரும் ஆறடி. என் உயரம் உனக்குத் தெரியும். என் மூலை பதிய, சூசையப்பர் மெல்லச் சாய்ந்து, எதிர்க்கோஷ்டி மண்டபத்து வாசலுக்கு நேரே பணிவாகத் தலை குனிந்தார். பிறகு எதிர்க்கோஷ்டித் தலைவர் முழங்காலில் விழுந்தார். இரண்டு பாண்டும் கட்டிப்பிடித்து அழுததில் ஊதுகுழல்களுக்குள் தண்ணி போய், மூன்று நாள் ஊரில் குமிழிச் சத்தம்தான் கேட்டது. அந்தக் கண்ணீருக்குள்ளே கார்மெனு, சுருவம் தூக்கும் தடிக்கு மறுபக்கத்திலிருந்து தெரிந்த இங்கிலிஷில் என்னைக் கேட்டார்: “உங்கள் பிள்ளையை எங்கள் வீட்டுக்குத் தருவீர்களா?” வாயைத் திறக்கக் கூடாது என்று நீ சொன்னது எனக்கு நல்ல ஞாபகம். ஆனால் சூசையப்பரின் பாரம் ஒரு தோளில் இறங்கினால் வாய் தன்பாட்டில் திறக்கும். “ஓம், தந்திட்டம்” என்றேன். உடனே பீரங்கி முழங்கி, தீவின் சாவியை எனக்குத் தந்தார்கள். பெட்டி நிறை கூடிவிடும் என்று அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

இனி எழுத விசேஷமில்லை. மச்சானுக்கு என் அன்பு, சாப்பாட்டு மேசையில் அவரையும் ஒரு வசனம் கதைக்க விடு. தேவமாதா உன் கோபத்தைத் தன் முக்காட்டுக்குள் முடிந்து வைப்பாளாக.

இப்படிக்கு,
உன் ஆசை அண்ணன்,
நீக்கிலாப்பிள்ளை

பி.கு.: இதுவரைக்கும் வாசிச்சிட்டு, “அண்ணையின்ர புழுகு” எண்டு நீ கடிதத்தை மச்சானிட்ட நீட்டியிருப்பாய். சரிதான். சூசையப்பர் சாயேல்லை. நான் கூட்டுக்கடியில போகவுமில்லை. வெயில் தலைக்கடிச்சு வீதியோரத்தில விழுந்து கிடந்தனான். அந்த இடைவெளி வந்ததே பாவ்லுவாலதான். வருசத்தில ஒருக்கா கிடைக்கிற தன்ர தோளிடத்தை விட்டிட்டு ஓடிவந்து, என்னைத் தூக்கி நிழலில இருத்தி, “மாமா, தண்ணி குடியுங்கோ” எண்டான். உன்ர பெட்டை பழக்கின தமிழ். சூசையப்பர் அவனில்லாமலே போயிட்டார். தகப்பன் ஏசப்போறார் எண்டு பாத்தன். அவர் பிறகு வந்து மகன்ர முதுகில தட்டிப்போட்டு, எனக்கு விசிறிக்கொண்டு நிண்டார்.

ஆகவே நான் செய்ததெண்டு எழுதினதில ஒரு சின்னத் துண்டுதான் உண்மை. அவர் கேட்டார். நான் “ஓம், தந்திட்டம்” எண்டனான். அதைத் திருப்பி வாங்கிறதெண்டால் நீதான் நேரில போகவேணும், கிறேஸ். அதுக்குத்தான் ஊரை முதல்ல அறிமுகப்படுத்தினனான்.