மாப்பிள்ளை இறக்கிவிட்டுப்போன கடலைச்செடி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதுவது. நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். விரிவாக விசாரிக்கும் நிலையில் நான் இல்லை, ஏனென்றால் உங்கள் மேல் கடும் கோபத்தில் இருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் என் மகள் அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுகிறாள். கடிதத்தில் யாரும் குறுக்கே சிரிக்க முடியாது.

விஷயம் உங்கள் செடிதான். உங்கள் அத்தை பின்பக்கம் துணி எடுக்கப் போய், பாசி பிடித்த கல்லில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பில் பிளேட் வைத்து வீட்டுக்கு வந்ததிலிருந்து பின்வாசல் படியைத் தாண்டவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். டாக்டர் நட நட என்கிறார். இவளும் நடக்கிறாள், அடுப்படியிலிருந்து கூடம், கூடத்திலிருந்து அடுப்படி, ஆனால் பின்கதவு வந்ததும் கால் நின்றுவிடும், நிலையைப் பிடித்துக்கொண்டு கயிற்றில் காய்கிற துணியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள். கல்லையெல்லாம் பெயர்த்துவிட்டு இதை நட்டுடுங்க மாமா, தரையோடு படரும், மஞ்சளாகப் பூக்கும், புல் மாதிரி வெட்டிக்கொண்டே இருக்க வேண்டாம், கால் வழுக்காது என்று சொல்லி, உங்கள் நர்சரியிலிருந்து அந்தக் கடலைச்செடியைக் கொண்டுவந்து இறக்கியது நீங்கள். இது அழகுக்கு வளர்ப்பது, கடலையை எதிர்பார்க்காதீர்கள் என்றும் சொன்னீர்கள். இல்லை என்று சொல்லவில்லை.

காலமெல்லாம் தையல்கடையில் கட்டிங் மாஸ்டராக இருந்தவன் கையில் செடியைக் கொடுத்தால் என்ன ஆகும்? டேப் வைத்து அளந்து, சாக்பீஸில் கோடு போட்டு, மடிப்புக்குத் துணி விடுவது போல ஓரத்தில் மண் விட்டு நட்டேன். நட்ட அன்று சாயங்காலமே இலையெல்லாம் ஜோடி ஜோடியாக மூடிக்கொண்டது. செத்துப்போச்சுடா என்று பதறி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியதில் பாதிச் செடி மிதந்தது. அது தூங்குது, விடிஞ்சா தானே முழிச்சுக்கும், நீங்க உள்ள வாங்க என்றாள் உங்கள் அத்தை, கதவுக்கு உள்பக்கம் நின்றுகொண்டே. தப்பிப் பிழைத்த மிச்சம் கொஞ்ச நாள் சும்மா கிடந்தது, அப்புறம் பிடித்தது பாருங்கள் ஓட்டம்! நான் போட்ட கோட்டை மதிக்கவில்லை, தண்ணீர்க் குழாயை மதிக்கவில்லை, சுவர் ஓட்டை வழியாகப் பக்கத்து வீட்டு வேன் டிரைவரின் செருப்பு வரைக்கும் போய்விட்டது. கட்டிங் கத்தரியால் ஓரம் வெட்டி வெட்டி, கோட்டுத் துணியை ஒரே இழுப்பில் வெட்டிய கத்தரி இப்போது காகிதத்துக்கே திணறுகிறது.

அந்த டிரைவர்தான் சுவருக்கு மேல் தலையை நீட்டி, கடலை எப்ப பிடுங்குவீங்க என்று கேட்டார். காய்க்காது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து உங்கள் அத்தையின் குரல், “கடலையா வரும்?” விழுந்ததிலிருந்து அந்தப் பின்பக்கத்தைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான், மாப்பிள்ளை. என் வாய் தானாகவே, வரும், ஆனா நீ வந்து பிடுங்கினாத்தான் வரும் என்று சொல்லிவிட்டது. சொன்னது சொன்னதுதான். டிரைவரிடம் ரகசியமாகச் சொல்லி ஓடு உரிக்காத கடலை வாங்கிவரச் செய்து, அவள் மத்தியானம் கண்ணயர்ந்த நேரம் பார்த்துச் செடிக்கு அடியில் புதைத்தேன். எனக்கோ ஜலதோஷம், மூக்கு மொத்தமாக அடைப்பு. டிரைவர் வாங்கிவந்தது வறுத்த கடலை என்று எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் கூப்பிட்டேன். நிலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். கை கொடுத்தேன், வேண்டாம் என்று தலையாட்டினாள். ஒரு காலை எடுத்து அந்த மஞ்சள் பூ மேல் வைத்தாள், அப்புறம் இன்னொன்று. வழுக்கலையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஜலதோஷத்தின் மேல் பழியைப் போட்டேன். முக்காலியில் உட்கார்ந்து மண்ணைக் கிளறி ஒரு கடலையை எடுத்து, உடைத்து, வாயில் போட்டு, நிதானமாக மென்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“நல்லா வறுபட்டு விளைஞ்சிருக்கு. உப்புதான் இல்ல. அடுத்த வெள்ளாமையில பாத்துக்கலாம்.”

அப்புறம் சிரித்தாள் பாருங்கள், டிரைவர் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து நான் கேட்காத சிரிப்பு. ஆயிரம் இருந்தாலும் என் தந்திரம் பலித்தது என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

ஆனால் இப்போது என் பாடு? காலையில் இறங்கினால் வீட்டுக்குள் வருவதில்லை, காப்பி அங்கேயே போக வேண்டும், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் எங்க வீட்டுக்காரர் வறுத்த கடலை பயிர் பண்றார் என்கிறாள். என் மானம் கப்பலேறிவிட்டது. ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து உங்கள் செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கோபம் தனி, ஆசீர்வாதம் தனி. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். மகளிடம் நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: எழுதி முடித்து நிமிர்ந்தால் உங்கள் அத்தை பின்னாலேயே நிற்கிறாள். ஒரு வரி விடாமல் படித்துவிட்டாள். காய்க்காது என்று என் மகள் அன்றைக்கே அவளிடம் போனில் சொல்லிவிட்டாளாம். அந்த மத்தியானம் இவள் கண்ணயரவும் இல்லையாம், ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாளாம். “கடலையைப் புதைக்கக் குந்திட்டு எழுந்திரிக்க முடியாம மண்ணுல கையை ஊனிக்கிட்டுத் தவிச்சீங்களே, அதை ஏன் எழுதல? கதவு வரைக்கும் ஓடி வந்தேன், என்னால படி இறங்க முடியல. நாளைக்கு நீங்க விழுந்தா யார் தூக்கறது? அதுக்காகத்தான் இறங்கினேன். கடலைக்கா இறங்குவாங்க?” என்கிறாள். மாப்பிள்ளை, செடியைப் பிடுங்க வர வேண்டாம். வரும்போது இன்னும் கொஞ்சம் செடி கொண்டு வாருங்கள். முன்வாசலிலும் வெறும் கல்தான் கிடக்கிறது, அவள் தெரு வரைக்கும் நடக்க வேண்டும்.