பாப்பாவுக்கும் எனக்கும் ஊசி போட்ட விவரம்

அன்பும் மரியாதையும் கலந்த அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. இங்கு மூவரும் நலம். அதில் ஒருவர் மட்டும் இன்று காலை சிறிது நேரம் நலமாக இல்லை. அத்தானைக் கேட்டதாகச் சொல்லவும்.

பாப்பாவுக்கு ஒன்பதாம் மாதத் தடுப்பூசி போட்டாயிற்று என்று போன மாதம் போனில் சொன்னேன் அல்லவா? போடவில்லை. பாப்பாவுக்குச் சளி, எனக்கு ஆபீஸில் தணிக்கை, வெளியே மழை என்று நாளுக்கொரு காரணம் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தேன். ஊசியைக் கண்டால் எனக்குக் கைகால் உதறும் என்பது உனக்கே தெரியும். நேற்று எதிர்வீட்டுக் குழந்தைக்குத் தட்டம்மை என்று தெரிந்ததும் வீட்டுக்காரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கு இன்று லீவு கிடைக்கவில்லை, ஆகவே நானே பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அரசு சுகாதார நிலையத்துக்குப் போனேன், வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் பதினோரு பேர், அத்தனை பேரும் அம்மாக்கள்.

நர்ஸம்மா அட்டையைப் புரட்டினார்.

"நாலு வாரம் லேட்டு. ஏன்?"

"பாப்பாவுக்குப் பயம்ங்க."

பாப்பா அவருடைய அடையாள அட்டையைப் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தாலே தெரியுது," என்று சொல்லிக் குத்தினார். வீலென்று ஒரு சத்தம். அது நான். பாப்பா அதற்கப்புறம்தான் அழுதாள், என்னைப் பார்த்துப் பயந்து.

அதோடு விட்டிருக்கலாம். "வீட்ல கைக்குழந்தை இருக்கு, நீங்களும் ஃப்ளூ ஊசி போட்டுக்குங்க, சட்டைய மடிங்க," என்றார். பதினோரு அம்மாக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? மடித்தேன். கையில் ஜில்லென்று ஏதோ பட்டது. கண் திறந்தபோது பெஞ்சில் நீட்டி நிமிர்ந்து கிடக்கிறேன், பாப்பா வேறொரு அம்மாவின் மடியில் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"ஊசி போட்ட கொழந்தைய அரை மணி நேரம் உக்கார வச்சுப் பாப்போம். இன்னைக்கு உங்களையும் சேத்துப் பாக்குறோம்," என்றார் நர்ஸம்மா.

எப்படியோ நாற்பது வருடப் பயம் ஒழிந்தது. துளிகூட வலி இல்லை, அக்கா. அத்தானையும் போட்டுக்கொள்ளச் சொல். தைரியம் வேண்டுமென்றால் என்னிடம் பேசட்டும்.

உன் ஆசியும் பாப்பாவுக்கு உன் முத்தமும் வேண்டும்
தம்பி

பின்குறிப்பு: அண்ணி, கவரை ஒட்டுவதற்கு முன் உங்கள் தம்பி மனைவி எழுதுவது. பாப்பாவுக்கு ஊசி போட்டாயிற்று, கவலை வேண்டாம். நர்ஸம்மா எனக்குப் போன் செய்தார். பஞ்சால் கையைத் துடைத்த உடனேயே இவர் சாய்ந்துவிட்டாராம். ஊசியை அவர் அதுவரை கையில்கூட எடுக்கவில்லையாம். நாளைக்கு இவரை நான் கூட்டிக்கொண்டு போகிறேன். இவரிடம் இரண்டாவது டோஸ் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.