பின்னறையில் ஒரு ராணி

வந்து தங்கப்போகும் மாமியாருக்குப் பின்னறையை விட்டுக்கொடுப்பதில்லை. கடிகாரம் பழுது பார்ப்பவர் சபதமே எடுத்துவிட்டார். அவருடைய மேசை, சாய்வு நாற்காலி, நிம்மதி மூன்றும் அங்கேதான் இருந்தன.

ஆயுதமும் கிடைத்தது. மழை விட்ட வாசலில் சிறகை உதிர்த்துவிட்டு ஓடிய ராணி எறும்பு ஒன்றை மாத்திரைக் குப்பியில் பிடித்துவந்தார்.

"இதுக்கு வானத்துலயே கல்யாணம், ஒரே ஒரு தடவை," என்றார் மனைவியிடம். "ஆம்பளை எறும்பு அதோட செத்துடும்."

"இங்க ஒருத்தர் அதுக்கப்புறமும் காபி கேக்கறாரே."

"கேளு. ராணி பதினஞ்சு வருஷம்கூட இருக்கும், முட்டை போட்டுக்கிட்டே. ஆனா முதல் குஞ்சுங்க வர்ற வரைக்கும் இருட்டு வேணும், சத்தம் கூடாது. பதறினா தன் முட்டையைத் தானே தின்னுடும். பின்னறையில யாரும் தங்க முடியாது."

அவள் மறுக்கவில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

ஓடுகிற கடிகாரத்தையும் திறந்து பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். குப்பியை விடுவாரா? பல் தேய்க்கும்போது ஒரு பார்வை, செருப்பு மாட்டுமுன் ஒரு பார்வை, கண்ணில் பூதக்கண்ணாடியோடு. வெள்ளைப் பொடியாய்க் கிடந்த முட்டைகள் நாளுக்கு நாள் குறைந்தன.

"முட்டை குறையுதுடி!"

"யார் போய்ப் போய்ப் பாக்கறது?"

அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

மறுநாள் மாமியார் கண்ணில் கட்டோடு வந்து இறங்கினார்.

"அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்," என்றாள் மனைவி. "இருட்டறையில அசையாம படுக்கணுமாம், சத்தமே ஆகாதாம். உங்க ராணிக்கு இதைவிட நல்ல துணை கிடைக்குமா? நீங்க கூடத்துல படுங்க. உங்களாலதான் முட்டை போகுது."

பின்னறைச் சாவி அவள் இடுப்புக்குப் போயிற்று.

கூடத்தில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், கதவில் காதை வைத்தார். கடைக் கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரம் காட்டின. கட்டு அவிழ்த்த அன்று மாமியாரின் பெட்டியைத் தூசி தட்டி அவரே வாசலில் கொண்டுபோய் வைத்தார்.

மாமியார் வெளியே வந்தார். கண்ணில் மருமகனின் பூதக்கண்ணாடி, கையில் குப்பி.

"மாப்பிள்ளை, குஞ்சுங்க வந்தாச்சு! அம்மாவையே சுத்திச் சுத்தி வருதுங்க. இதை உங்க கையில விட்டுட்டுப் போக மனசு வரல. பாத்துப் பாத்தே கொன்னுடுவீங்க. இந்த ராணி இருக்கற வரைக்கும் நானே இருந்து பாத்துக்கறேன். எவ்வளவு நாள் இருக்கும்?"

"சின்ன உயிர்தானே அத்தை..." என்று இழுத்தார்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"பதினஞ்சு வருஷம்மா. அவரே சொன்னார்."