தாண்டவராயன் தொடாத தூண்டில்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. உலை வைத்துவிட்டு வந்தவர்கள் விறகைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டு வாருங்கள். சோறு பொங்குவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன். ஐம்பத்தெட்டாம் வருஷமோ ஐம்பத்தொன்பதோ, ஐப்பசி மாசம். அப்போதெல்லாம் அந்த மாசத்தில் திருமுக்கூடலில் மூன்று ஆற்றுத் தண்ணீரும் ஒன்றாகப் போகிற சத்தம் ஊருக்குள் கேட்கும். அந்தக் கரையில் மூன்று நாள் நடந்த கூத்து இது.

"எனுக்கு வெரா மீன் கொயம்பு வேணும்," என்றாள் முனியம்மாள்.

அவள் புருஷன் தாண்டவராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து இப்போதுதான் அவளுக்கு ஐந்து மாசம். கஞ்சி குடித்தாலும் வாந்தி, மோர் குடித்தாலும் வாந்தி. அவளாக வாய் திறந்து ஒன்று கேட்டது இதுதான் முதல் தடவை. அதுவும் விரால்! அந்தக் கரையில் தாண்டவராயனைப் போலத் தூண்டில் போட ஆள் கிடையாது. தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே மீன் எங்கே படுத்திருக்கிறது என்று சொல்லிவிடுவான்.

தூண்டிலை எடுக்கக் கூரையில் கையை விட்டான்.

"தொடாதே!" என்று ஒரு சத்தம். மருத்துவச்சி சிட்டம்மாள் வாசலில் நின்றாள். "பொண்டாட்டி புள்ளத்தாச்சியா கீறப்போ புருஷங்காரன் ஒரு உசுரைக் கொல்லக் கூடாதுன்னு தெரியாது உனுக்கு?"

"அவளே ஆசைப்பட்டுக் கேக்கறாளே, அக்கா."

"குடுத்துத்தான் ஆவணும். ஆசைப்பட்டது கெடைக்கலன்னா பொறக்கற கொயந்தைக்குக் காதுல சீழ் வடியும்."

"அப்போ புடிக்கணுமா, வாணாமா?"

"புடிக்கணும். நீ புடிக்கக் கூடாது."

சந்தையில் வாங்கலாமென்றால், ஏரி வற்றுகிற பங்குனியில்தான் அங்கே விரால் வரும். ஊர் ஆண்பிள்ளைகள் எல்லாரும் நடவில் இருந்தார்கள். மிச்சமிருந்தது, இரண்டு தெரு தள்ளி வண்டிக்குக் கடையாணி செதுக்கிக்கொண்டிருந்த முனியம்மாளின் தம்பி கோபால்தான்.

விஷயத்தைக் கேட்டதும் கோபாலின் முகம் வெளுத்துப் போயிற்று.

"நானா? மாமா, எனுக்கு மீன் புடிக்கவே வராது."

"நான் கூட இருந்து சொல்றேன்."

"வேற யாராச்சும்..."

"தாய்மாமன்டா நீ! ஒங்கக்கா புள்ள காதுல சீழ் வடிஞ்சா ஒனுக்கு நல்லாவா இருக்கும்?"

கோபால் திரும்பித் தன் பெண்டாட்டி பாஞ்சாலியைப் பார்த்தான். அவள் முறத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். பாம்பை வாங்குகிறவன் போல அவன் தூண்டிலை வாங்கிக்கொண்டான்.

முதல் நாள் சிட்டம்மாளும் காவலுக்குக் கூடவே வந்தாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் கிடக்கிற மணலை எண்ணலாம்.

"தெளிஞ்ச தண்ணி, மச்சான். நம்ம பாக்கறதுக்கு முந்தி அது நம்மளப் பாத்துடும். கோரைக்குப் பின்னால குந்திக்கோ. நெயல் தண்ணில வியக் கூடாது. மூச்சுக் காட்டாதே."

முள்ளில் மாட்டத் தவளைக் குஞ்சு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். கோபால் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். தவளை குதித்துப் போய்விட்டது.

"வயுக்கிடுச்சு, மாமா."

இரண்டாவது தவளையும் வழுக்கிற்று. மூன்றாவதைச் சிட்டம்மாளே மாட்டிக் கொடுத்தாள். கோரை ஓரம் ஒரு பெரிய விரால் மெதுவாக வந்தது. இன்னும் ஒரு முழம். அப்போது கோபால் எழுந்து நின்று, பனைமரம் போல நிழல் விழ, "அச்சூ!" என்று ஒரு தும்மல் போட்டான்.

"குடுடா இங்க!" என்று தாண்டவராயன் தூண்டிலைப் பிடுங்கப் போனான்.

"தொட்டே, அப்புறம் பாரு!" என்றாள் சிட்டம்மாள். அவளுக்கு இனி அவன் கையில் நம்பிக்கையில்லை. மறுநாளிலிருந்து அவன் கைகளை அவனுடைய துண்டாலேயே பின்பக்கம் கட்டிவிட்டுத்தான் கரையில் உட்காரவைத்தாள்.

மறுநாள் தண்ணீர் சிவந்து வந்தது. மேற்கே எங்கோ நல்ல மழை. நுரையும் சருகுமாகப் புதுத்தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடிற்று. எருமை ஓட்டிக்கொண்டு வந்த வேதகிரி நின்று பார்த்தான்.

"இன்னா தாண்டவராயா, மீன் புடிக்க வந்தியா, இல்ல உன்னியப் புடிச்சு இட்டாந்தாங்களா?"

"உன் எருமையப் பாத்துக்கினு போடா!"

"கோபாலு, பாத்து. மாமன் ஓடிடப் போறான்!"

அவன் போன பிறகு தாண்டவராயன் தாடையாலேயே இடம் காட்டினான். "நேத்து பண்ணதெல்லாம் மறந்துடு. கலங்கின தண்ணில தவளை தெரியாது. வாசனைதான் வேலை செய்யும். அக்கா, மண்புயுவா நாலு சேத்து நீயே மாட்டிக் குடு. மச்சான், நீ நடு ஆத்துல போடாதே, இயுத்துக்கினு போயிடும். அதோ, புங்க மரத்து வேர் கீதே, அங்கதான் தண்ணி சும்மா நிக்குது. மீனெல்லாம் இளைப்பாற அங்கதான் வரும்."

சொன்னபடியே தக்கை சட்டென்று உள்ளே போயிற்று. கோபால் இழுக்கவில்லை.

"இயுடா!"

"காத்துல ஆடுது, மாமா."

"காத்து தண்ணிக்குள்ளயாடா அடிக்கும்? இயு!"

இழுத்தான். விரால் இல்லை. முழங்கை நீளத்துக்கு ஒரு கெளுத்தி. சரி, இன்றைக்கு இதையாவது குழம்பு வைக்கலாம் என்று தாண்டவராயன் வாய் திறப்பதற்குள், கோபால் பச்சைப் பிள்ளையைத் தொடுகிற மாதிரி மெல்ல முள்ளைக் கழற்றி மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டான். போகிற போக்கில் கெளுத்தி தன் துடுப்பு முள்ளால் அவன் உள்ளங்கையில் ஒரு குத்துக் குத்திவிட்டுப் போயிற்று.

"ஏண்டா உட்டே?"

"அக்கா கேட்டது வெரால்தானே, மாமா," என்றான் கோபால், வலியில் துள்ளிக்கொண்டே.

வீட்டுக்குத் திரும்பும்போது கோபாலின் கை பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. முனியம்மாள் எட்டிப் பார்த்தாள். இருவர் கையும் வெறுங்கை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அன்று அவள் கஞ்சியும் குடிக்கவில்லை.

மூன்றாம் நாள் மழை விட்டு ஆறு சட்டென்று வடிந்தது. தாண்டவராயன் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"இன்னிக்கு நீ கண்ண மூடிக்கினு போட்டாலும் மாட்டும், மச்சான். தண்ணி வடியறப்போ பள்ளத்துக்கு ஆசைப்பட்ட மீன் ஆத்துக்குத் திரும்பத் தெரியாம நின்னுடும். வா, காட்றேன்."

ஆற்றோரம் மணல்மேடு ஒன்று தடுத்து, ஒரு சின்னக் குட்டை நின்றது. இரண்டு கட்டில் போடுகிற அளவுதான். அதற்குள் ஒரு விரால். மூச்சு வாங்க அது மேலே வந்து 'பொளக்' என்று வாயைத் திறந்து மூடியது. தாண்டவராயன் தொடை பருமன் இருக்கும்.

"சாமி!" என்றான் தாண்டவராயன். கட்டியிருந்த கைகளால் கும்பிட முடியாமல் தலையை மட்டும் ஆட்டினான்.

சிட்டம்மாள் இரை மாட்டிக் கொடுத்த தூண்டிலைக் கோபால் குட்டையின் இந்த மூலையில் போட்டான். மீன் அந்த மூலையில் இருந்தது.

"அங்க போடுடா."

அங்கே போட்டான். மீன் இங்கே வந்தது. ஆனாலும் குட்டை எவ்வளவுதான் பெரிசு? கடைசியில் விரால் தானே வந்து இரையைக் கவ்விற்று. மூங்கில் வில்லாக வளைந்தது.

"இயு! இயு! உடாதே!"

"ஐயோ மாமா!" என்று கத்தி, கோபால் தூண்டிலைக் கை நழுவ விட்டான். அது குட்டைக்குள் தானாகவே சுற்றி ஓடிற்று.

"எறங்குடா! எறங்கிப் புடி!"

கோபால் இறங்கினான். இறங்கியவன் தூண்டிலைப் பிடித்தானா, முள்ளை உருவினானா, மணல்மேட்டில் கால் வைத்தானா என்று ஒன்றும் புரியவில்லை. ஒரே சேறு. மறுகணம் மேடு இடிந்து, குட்டைத் தண்ணீர் 'சலசல'வென்று ஆற்றுக்குள் ஓடிற்று. கூடவே விராலும் ஒரு வாலடி அடித்துவிட்டுப் போயிற்று.

தாண்டவராயன் அதன் பின்னால் பாய்ந்தான். கைகள் பின்னால் கட்டியிருந்ததால் முகம் முதலில் போய்ச் சேர்ந்தது. சிட்டம்மாள் முடியைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

அவன் கோபாலைத் திட்டவில்லை. மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"எட்டு வருசம்டா," என்றான். "ஊர்ல யாரு வூட்டுத் தொட்டிலப் பாத்தாலும் அவ மொகத்தைத் திருப்பிக்குவா. எதுவும் கேக்காதவ ஒண்ணே ஒண்ணு கேட்டா. அதுகூட எங்கையால முடியல."

கோபால் கிட்டே வந்து உட்கார்ந்தான். "மாமா, நான் வோணும்னு..." என்று ஆரம்பித்து, எச்சிலை விழுங்கிக்கொண்டான். மாமனின் கைக்கட்டை அவிழ்த்து, அந்தத் துண்டாலேயே அவன் முகச்சேற்றைத் துடைத்துவிட்டான். இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.

தெருமுனையிலேயே வாசனை அடித்தது. புளியும் மிளகாயும் மாங்காயும் சேர்ந்து கொதித்த விரால் குழம்பு வாசனை. தாண்டவராயன் ஓடினான்.

உள்ளே முனியம்மாள் தட்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை சோறு போட்டுக்கொண்டாளாம். வாந்தி எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்தில் பாஞ்சாலி, சட்டியிலிருந்து வால் துண்டாகப் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"வா, வா," என்றாள் முனியம்மாள். "நீங்க ரெண்டு பேரும் மூணு நாளா ஆத்தக் கலக்கிக்கினு கெடங்க. எந்தம்பி பொண்டாட்டிதான் கெட்டிக்காரி."

தாண்டவராயனுக்கு மூச்சு வாங்கிற்று. "எங்க புடிச்சது, பாஞ்சாலி?"

"எங்கப்பா மானாம்பதில வயல் மடையில புடிச்சாரு, அண்ணா. அம்மா கொயம்பு வெச்சுக் குடுத்தனுப்பிச்சாங்க."

"மகராசி! முனியம்மா ஆசைப்பட்டது அவங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

வாசற்படியைத் தாண்டாமல் நின்ற கோபால், வீங்கிய கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். பாஞ்சாலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்:

"அவங்களுக்கு எங்க தெரியும், அண்ணா? நான் ஆசைப்பட்டேன்னு குடுத்தனுப்பினாங்க. மூணு மாசம் முடியற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு உடக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க, இன்னியோட முடிஞ்சிது. பாவம் அவரு, நீங்க தூண்டிலைக் கையில குடுத்ததுலேருந்து ஒரு மீனும் சாவாம காப்பாத்தறதுக்குள்ள அவருக்கு உசுரே போயிடுச்சு!"

அவ்வளவுதான், கண்ணுகளா. போய் உலையைப் பாருங்கள். உங்கள் வீட்டில் ஆசைப்பட்டவர்களுக்கு ஆசைப்பட்டது கிடைக்கட்டும். குழம்புச் சட்டி பாதியாகப் பகிர்ந்தாலும் குறையாமல் இருக்கட்டும். ஒரு தொட்டில் கேட்ட வீட்டில் இரண்டு தொட்டில் ஆடட்டும்.