அறுபத்தைந்தாவது கட்டம்

கத்தரி ஞானி தங்கத்தை வளர்க்கிறாராம்! அலுவலகத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஊரே மண்டபத்தில் முண்டியடித்தது.

நகையை உருக்கிச் சதுரத் தகடாக்கி, வரிசைக்கு எட்டாக அறுபத்து நான்கு கட்டம் கீறி வரவேண்டும். ஞானி கண்ணை மூடிக்கொண்டு கத்தரியால் அதை நான்கு துண்டாக வெட்டுவார். (விரல் தப்புவதே அற்புதம்தான்.) துண்டுகளை இடம் மாற்றி நீள்சதுரமாக அடுக்கி, நடுவே வாசனைப் பொடி தூவுவார். நீளம் பதின்மூன்று, அகலம் ஐந்து. பெருக்கினால் அறுபத்தைந்து!

வளர்ந்த ஒரு கட்டத்தை வெட்டிக் காணிக்கையாக எடுத்துக்கொள்வார். "உங்க அறுபத்து நாலு அப்படியே இருக்கு. முதல்ல வளர்றது எனக்கு, அப்புறம் வளர்றதெல்லாம் உங்களுக்கு."

"வளராமப் போக வாய்ப்பு உண்டா சாமி?"

"உண்டு. வளர்ந்தா என் அருள், வளரலைன்னா உன் பாவம்."

இரண்டு பக்கமும் தலை போட்ட நாணயம்! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அன்று வங்கி மேலாளரின் தகடு வளர்ந்து, காணிக்கையும் போய்விட்டது. அப்போது அவர் மனைவி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"ஏங்க, பொண்ணு படிப்புக்கு வெச்சிருந்த வளையலையா உருக்கினீங்க?"

"சும்மா இரு. உனக்கு இதெல்லாம் புரியாது."

"புரிய வேண்டாம். நாலு துண்டையும் பழையபடி சதுரமா அடுக்குங்க, பாப்போம்."

ஞானிக்கு வியர்த்தது. "திருப்பி அடுக்கினா தெய்வக் குத்தம்!"

"அது என் தலையில விடியட்டும்." அவள் பொடியை ஊதினாள். நடுவே மூலைக்கு மூலை மெல்லிய நீண்ட இடைவெளி. அறுபத்தைந்தாவது கட்டம் அந்த வெறும் இடம்தான்! துண்டுகளைச் சதுரமாக்கினாள். ஓரத்தில் பல் விழுந்த வாய் மாதிரி ஒரு கட்டம் காணோம்.

"ஓட்டைகூட வளர்ந்திருக்கு!" என்று ஒரு பக்தர் விழுந்து கும்பிட்டார்.

மளிகைக்கடைக்காரர் கும்பிடவில்லை. தடவைக்கு ஒரு கட்டம் போக, மிச்சத்தைத் திரும்பத் திரும்ப உருக்கிக் கொண்டுவந்த அவர் தகடு, மூச்சு விட்டாலே பறந்தது. "மெலிஞ்சாத்தான் தங்கத்துக்கு அழகுன்னு சொன்னியேடா, பாவி!"

பின்வாசலில் பாய்ந்த ஞானியை அவர் மடக்கினார். இடுப்புப் பை அவிழ்ந்தது. கட்டம் கட்டமாகத் தங்கம் கொட்டியது.

மேலாளர் ஒன்றைப் பொறுக்கி ஓட்டையில் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. "எனக்கு ஏன் தோணலை?" என்றார், மனைவியின் முகத்தைப் பார்க்காமல்.

"கையைத்தானே கூப்பினீங்க? கண்ணையும் ஏன் மூடினீங்க?"

ஐயா, கும்பிட இரண்டு கை வேண்டும். சந்தேகப்பட ஒரு தலை போதும். அது உங்கள் கழுத்துக்கு மேல் சும்மாதானே இருக்கிறது?